சுவருக்குப் பின்னால் ஒரு கடல்

போர்ட் கிள்ளான் கொமுட்டர் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் படகுத்துறை வந்துவிடும். அங்கே படகேறிப் புலாவ் கெத்தாம் சென்றவர்கள் வழியில் மிதக்கும் மீன் பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். பலகைகள், பீப்பாய்கள், அவற்றிலிருந்து நீருக்குள் தொங்கும் வலைகள். வலைக்குள் சியாக்காப், கெராப்பு போன்ற மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்கின்றன. உண்பதும் அங்கேதான், கழிவை விடுவதும் அங்கேதான்.

அந்தக் கழிவை அகற்றுபவர் யார்? மீன்களுக்குப் புதிய உயிர்வளியைக் கொண்டு வருபவர் யார்? கடல்தான். நம் கரையில் நாள்தோறும் இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர் வேறுபாடு இருக்கும். இவ்வளவு நீரும் வலைகளுக்குள் புகுந்து அலசிவிட்டுப் போகிறது. இதற்குப் பம்பு வேண்டாம், மின்கட்டணமும் இல்லை.

இப்போது அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளிக் கோலாலம்பூருக்கு வாருங்கள். மாநாட்டு மையக் கட்டடத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் அக்குவாரியா கேஎல்சிசி இயங்கி வருகிறது. 90 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிச் சுரங்கத்தில் நாம் நிற்க, தலைக்கு மேலே சுறாவும் திருக்கையும் நீந்துகின்றன. நகரின் நடுவே கடல் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. ஆகவே கடல் இலவசமாகச் செய்யும் வேலையை அங்கே மனிதர்களும் கருவிகளும் சேர்ந்து செய்தாக வேண்டும். அதுவும் இரவு பகலாக, ஒரு மணி நேரம்கூட விடுப்பில்லாமல்.

இப்படிப்பட்ட கருவித் தொகுப்பை ‘உயிர்காப்பு அமைப்பு’ என்பார்கள். மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவை நினைவூட்டும் பெயர்; செய்யும் வேலையும் அதுவே. உலகின் பெரிய நீர்க்காட்சியகங்களில் இதை இயக்குவதற்கென்றே தனிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். மீனுக்கு உணவூட்டும் முக்குளிப்பாளரைப் பார்த்துக் கைதட்டுகிறோம். சுவருக்குப் பின்னால் குழாய்களுக்கு நடுவே நிற்கும் இந்தப் பணியாளரை நாம் பார்ப்பதே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அறிவியல் என்ன, அதை எப்படிக் கற்பது என்பதைப் பார்ப்போம்.

ஒரு லிட்டரில் எத்தனை மூச்சு?

நாம் சுவாசிக்கும் காற்றின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறக்குறைய 270 மில்லிகிராம் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்து நிற்கக்கூடியது ஏறக்குறைய 6 மில்லிகிராம் மட்டுமே. நாற்பது மடங்குக்கும் மேல் குறைவு! மீன் வாழ்வது எப்போதுமே ஏழ்மையான ஒரு காற்றுக் கிடங்கில்தான்.

நீர் சூடாகச் சூடாக அந்தக் கிடங்கு இன்னும் சுருங்கும். 0 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் 14.6 மில்லிகிராம் உயிர்வளியை வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 மட்டுமே. அதே வேளையில் நீர் சூடானால் மீனின் உடல் வேகமாக இயங்கி, அதிக உயிர்வளியைக் கேட்கும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தொட்டியில் 1,000 லிட்டர் கடல் நீர் இருக்கிறது. லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்றால் மொத்த உயிர்வளி 6 கிராம். அதில் 10 கிலோ மீன்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கிலோ மீனும் மணிக்கு 300 மில்லிகிராம் உயிர்வளியைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3 கிராம் செலவாகும். பம்பும் காற்றூட்டியும் நின்றுவிட்டால் ஒரே மணி நேரத்தில் உயிர்வளி பாதியாகிவிடும். பல மீன்கள் அந்த அளவிலேயே திணறத் தொடங்கும். நீர்ப்பரப்பின் வழியாகக் கொஞ்சம் காற்று கரையும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டியிலுள்ள நுண்ணுயிரிகளும் உயிர்வளியைச் செலவழிப்பதால் அந்த வரவில் ஒரு பகுதி அவற்றுக்கே போய்விடும்.

அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகே புரூக்ஃபீல்டு விலங்குக் காட்சிசாலை இருக்கிறது. பார்வையாளர்கள் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கும் திருக்கைக் குளம் ஒன்று அங்கே இருந்தது. 2015 ஜூலையில் ஒரு நாள் அந்தக் குளத்தில் உயிர்வளி அளவு சரிந்தது. ஊழியர்கள் விரைந்து செயல்பட்டு அளவை மீண்டும் உயர்த்தினார்கள்; மருத்துவர்களும் போராடினார்கள். ஆனாலும் அங்கிருந்த 54 திருக்கைகளும் இறந்தன. சுற்றிலும் கெட்டிக்காரர்கள் இருந்தும் நேரம் போதவில்லை. இந்த வேலையில் பிழை திருத்த நாள்கணக்கில் அவகாசம் கிடைக்காது. நிமிடங்கள்தான் கிடைக்கும்.

தெளிந்த நீரில் மறைந்திருக்கும் நஞ்சு

உயிர்வளி போதுமான அளவு இருக்கிறது. நீரும் பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. அப்படியும் மீன்கள் இறக்கலாம். காரணம் அம்மோனியா.

மீன் உண்ணும் புரதத்தில் நைட்ரஜன் உண்டு. நம் உடல் வேண்டாத நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. பெரும்பாலான மீன்கள் அதை அம்மோனியாவாகவே, பெரும்பகுதியைச் செவுள் வழியாக நீரில் விட்டுவிடுகின்றன. கடலில் அது கலந்து கரைந்து போய்விடும். தொட்டியிலோ போக இடமில்லாமல் நாளுக்கு நாள் சேரும். அதற்கு நிறமில்லை, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே வேதியியல் பாடத்தில் படித்த பி.எச். அளவு உயிர் காக்கும் அறிவாகிறது. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. இதனால் மீனுக்குப் பெரிய தீங்கில்லை. மற்றொன்று கரைந்த அம்மோனியா வாயு; இதுதான் கொடிய நஞ்சு. 25 பாகை நன்னீரில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் ஏறக்குறைய 0.6 விழுக்காடுதான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் 5 விழுக்காட்டைத் தாண்டும். பி.எச். 9 ஆனால் ஏறக்குறைய 36 விழுக்காடு! அம்மோனியா ஒரு துளிகூடக் கூடவில்லை, பி.எச். மட்டும் ஏறியது. அதற்கே நஞ்சு பல மடங்காகிவிட்டது. அம்மோனியா கூடியிருக்கும் தொட்டியில் ‘பி.எச். குறைந்திருக்கிறதே’ என்று அவசரமாகக் காரத்தைக் கொட்டினால், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மீன்களைக் கொன்றுவிடுவோம். ஓர் அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்த நஞ்சை அகற்ற நம்மிடம் இருக்கும் சிறந்த பணியாளர்கள் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் தீங்கு மிகவும் குறைந்தது; அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றினால் போதும். ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இந்த இரண்டு படி வேலையை விளக்கினார். இரண்டு படிகளுக்கும் தனித்தனிப் பாக்டீரியாக்கள் வேண்டும் என்றே நூறாண்டுகளுக்கும் மேலாகப் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. 2015-இல் இரண்டு படிகளையும் ஒன்றே செய்து முடிக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்த இடங்களுள் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டி!

இந்தப் பாக்டீரியாக்கள் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. அதனால்தான் வடிகட்டிக்குள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் வளையங்களையும் மடிப்புகள் கொண்ட துண்டுகளையும் நிரப்புகிறார்கள். சிறிய இடத்தில் பெரிய பரப்பு கிடைக்கிறது. இவற்றுக்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, உயிர்வளி, ஆகவே நீரோட்டம் நிற்கக் கூடாது. இரண்டாவது, நேரம், புதிய வடிகட்டி முழுமையாக வேலை செய்ய வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மூன்றாவது, காரத்தன்மை, இவற்றின் வேலையில் அமிலம் உண்டாவதால் நீரின் பி.எச். மெல்ல மெல்ல இறங்கும். அதை ஈடுசெய்ய நம் சமையலறை ஆப்பச் சோடாவான சோடியம் பைகார்பனேட்டை அளந்து சேர்ப்பதுண்டு.

ஒரு துளியின் பயணம்

1871-இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் அரங்கில் ஒரு நீர்க்காட்சியகம் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு, காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றைக் கீழே இருட்டில் அமைத்தார். அங்கிருந்து நீரைப் பம்பால் மேலே ஏற்றி, தொட்டிகள் வழியாக ஓடவிட்டு, மீண்டும் கீழே வரச் செய்தார். அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றியது. இன்றைய அமைப்புகளின் அடிப்படையும் அந்தச் சுழற்சிதான். சுற்றுவழியில் சேர்ந்த கருவிகள்தான் பெருகிவிட்டன.

ஒரு துளி நீரோடு நாமும் போய்ப் பார்ப்போம். தொட்டியிலிருந்து வழிந்த துளி முதலில் ஒரு வடிகூடையைக் கடக்கிறது. இலை, செதில், உணவுத் துண்டு எல்லாம் அங்கே நிற்கும். அடுத்துப் பம்பு அதை மணல் வடிகட்டிக்குள் தள்ளும். மணல் நுண்ணிய தூசுகளைப் பிடித்துக்கொள்ளும்.

கரைந்துவிட்ட புரதத்தை மணலால் பிடிக்க முடியாது. அதற்கு நுரைக் கோபுரம் வேண்டும். பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையை அகப்பையால் எடுத்து ஊற்றிவிடுவோம் அல்லவா? அதே தத்துவம்தான். கோபுரத்துக்குள் கோடிக்கணக்கான நுண்குமிழ்களை விடுவார்கள். புரதம் குமிழ்ப் பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, பழுப்பு நிற நுரையாகத் திரண்டு வெளியேறும். பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கும் முன்பே பிடித்து வெளியே தள்ளிவிடுகிறோம்.

பிறகு கிருமி நீக்கம். ஒன்று, புற ஊதாக் கதிர் விளக்கைக் கடந்து போக வேண்டும்; அல்லது ஓசோன் வாயுவோடு கலக்க வேண்டும். ஓசோன் கிருமிகளைக் கொல்லும். அளவு மீறினால் மீனையும் கொல்லும், அறையில் கசிந்தால் மனித நுரையீரலையும் புண்ணாக்கும். அடுத்தது, பாக்டீரியாக்கள் குடியிருக்கும் உயிரியல் வடிகட்டி. கரிவளி வெளியேறி உயிர்வளி கரைவதற்காக நீரைக் கோபுரத்தின் மேலிருந்து சிதறடித்து விழச் செய்வார்கள். இறுதியாக வெப்பநிலை சரிசெய்யப்பட்டு, துளி தொட்டிக்குத் திரும்புகிறது. எல்லா இடத்திலும் இதே வரிசை இருக்காது. ஆனால் வேலைகள் இவைதான்.

ஒரு சுற்று முடிந்தால் எல்லா நீரும் சுத்தமாகிவிடுமா? 10,000 லிட்டர் தொட்டியில் மணிக்கு 5,000 லிட்டர் தள்ளும் பம்பு இருந்தால் ஒரு சுற்றுக்கு 2 மணி நேரம். சுத்தமான நீர் பழைய நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், 2 மணி நேரம் கழிந்தும் ஏறக்குறைய 37 விழுக்காடு நீர் ஒரு முறைகூட வடிகட்டியைப் பார்த்திருக்காது. இரண்டாம் சுற்றில் அது ஏறக்குறைய 14 விழுக்காடாகும். மூன்றாம் சுற்றில் 5. மருந்தையோ குளோரின் நீக்கியையோ பயன்படுத்தும்போது இந்தக் கணக்கை மறந்தவர் ஏமாந்து போவார்.

குழாய் பேசும் மொழி

கருவிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வது பயிற்சியல்ல. அவை என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்வதே பயிற்சி.

மணல் வடிகட்டியின் நுழைவாயிலில் அழுத்தமானி இருக்கும். மணலில் அழுக்குச் சேரச் சேர, நீர் புக முடியாமல் முள் மேலே ஏறும். அப்போது நீரைத் தலைகீழாக ஓடவிட்டு மணலைக் கழுவ வேண்டும். பம்பை நிறுத்து, வால்வுகளை மாற்று, பம்பை இயக்கு, வெளியேறும் நீர் தெளியும்வரை காத்திரு, மீண்டும் நிறுத்து, வால்வுகளைப் பழையபடி திருப்பு, இயக்கு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. பம்பு ஓடும்போதே வால்வைத் திருப்பினால் அழுத்தம் திடீரென்று எகிறிக் குழாயோ வால்வோ உடையலாம்.

முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால்? ‘வடிகட்டி சுத்தமாக இருக்கிறது’ என்று மகிழக் கூடாது. பம்புக்கு முன்னாலுள்ள வடிகூடை அடைத்திருக்கலாம். அல்லது பம்புக்கு நீர் வரும் உறிஞ்சு குழாயில் எங்கோ சிறு வெடிப்பு இருக்கலாம்.

அந்தச் சிறு வெடிப்பு மிக ஆபத்தானது. உறிஞ்சு குழாயில் வெடிப்பு இருந்தால் நீர் வெளியே சொட்டாது. காற்று உள்ளே இழுபடும். தரை காய்ந்தே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தக் காற்றைப் பம்பு அழுத்தி நீரில் அளவுக்கு மீறிக் கரைத்துவிடும். அந்த நீரில் வாழும் மீனின் இரத்தத்திலும் திசுக்களிலும் வாயுக் குமிழ்கள் உண்டாகும். ஆழ்கடலிலிருந்து மிக வேகமாக மேலேறும் முக்குளிப்பாளருக்கு ஏற்படும் ஆபத்தைப் போன்றது இது. மீனுக்குக் காற்று நல்லது என்றுதானே இதுவரை படித்தோம்? அழுத்தத்தில் கரைந்த காற்று கொல்லும் என்பதை அறிந்தவரால்தான் காய்ந்த தரையைப் பார்த்தும் சந்தேகப்பட முடியும்.

மின்சாரம் நின்றபோது

2005 ஆகஸ்டு 29. கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. அங்கிருந்த அமெரிக்காஸ் நீர்க்காட்சியகத்தின் கட்டடம் புயலைத் தாங்கி நின்றது. ஆனால் மின்சாரம் போனது. பின்னர் மாற்று ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. நகரமே காலி செய்யப்பட்ட நிலையில் ஊழியர்களும் வெளியேற நேர்ந்தது. அங்கு வாழ்ந்த ஏறக்குறைய 10,000 மீன்களில் பெரும்பாலானவை இறந்தன. காற்றைச் சுவாசிக்கும் பென்குவின்களும் கடல் நீர்நாய்களும் உயிர் தப்பி, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா நீர்க்காட்சியகத்தில் தஞ்சம் புகுந்தன. நியூ ஆர்லியன்ஸ் காட்சியகம் 2006 மே மாதம்தான் மீண்டும் திறந்தது.

தொட்டி உடையவில்லை, நீர் வற்றவில்லை. சுழற்சி நின்றது, அதுவே போதுமானதாகிவிட்டது. ஆகவே இந்தத் துறையில் ‘எல்லாம் இரண்டு’ என்பது விதி. இரண்டு பம்பு, இரண்டு மின்வழி, கைவசம் உயிர்வளி உருளை. இரண்டாவது பம்பு இருந்தால் மட்டும் போதாது. அது உண்மையில் ஓடுகிறதா என்று குறித்த நாளில் இயக்கிப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

எங்கே கற்றுத் தருகிறார்கள்?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. நம் போர்ட் கிள்ளானைப் போலவே ஆற்று முகத்தில் அமைந்த ஊர். அங்குள்ள ஒரிகன் கடற்கரை நீர்க்காட்சியகத்துக்கு 1996 ஜனவரியில் ஒரு விருந்தாளி வானூர்தியில் வந்து சேர்ந்தது. ‘ஃப்ரீ வில்லி’ திரைப்படத்தில் நடித்த ஓர்க்கா திமிங்கிலமான கெய்கோதான் அது. அதற்கு முன் மெக்சிகோ நகரின் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் வாழ்ந்தது. குளிர்க் கடல் விலங்கான அதற்கு அந்தக் குளத்தின் நீர் மிகுந்த வெப்பம். உப்பும் செயற்கையாகக் கலந்தது. உடல் மெலிந்து, தோலில் புண்களும் தடிப்புகளுமாக இருந்தது. நியூபோர்ட்டில் குளிர்ந்த இயற்கைக் கடல் நீரும் பெரிய குளமும் கிடைத்தன; உணவும் மருத்துவமும் சேர்ந்தன. எடை கூடியது, தோலும் தேறியது. 1998 செப்டம்பரில் ஐஸ்லாந்துக் கடலுக்கு அனுப்பும் அளவுக்கு அது வலிமை பெற்றது. நீர்தான் விலங்கின் முதல் மருந்து என்பதை அந்த ஊர் கண்ணால் கண்டது.

அதே ஊரில் உள்ள ஒரிகன் கடற்கரைச் சமூகக் கல்லூரியில் நீர்க்காட்சியக அறிவியலுக்கென்றே இரண்டாண்டுப் படிப்பு நடக்கிறது. மாணவர்கள் உயிரியலும் நீர் வேதியியலும் படிப்பதோடு, உண்மையான தொட்டிகளையும் உயிர்காப்பு அமைப்புகளையும் தாங்களே கவனித்துக்கொள்கிறார்கள். பிறகு வெளியே காட்சியகங்களில் பணிப் பயிற்சி பெறுகிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கென்று நீர்வாழ் விலங்கு உயிர்காப்புப் பணியாளர் சங்கமும் இருக்கிறது. அது படிநிலைத் தேர்வுகள் நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது.

இத்தகைய பயிற்சியில் வேரூன்ற வேண்டிய பழக்கங்கள் சில உண்டு.

முதலாவது, குழாயைப் பின்தொடர்தல். எந்த நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று காலால் நடந்து, கையால் தொட்டு, தாளில் வரைய வேண்டும். வரையத் தெரியாத அமைப்பை இயக்கக் கூடாது.

இரண்டாவது, பதிவேடு. நான்கு நாள்களின் வெப்பநிலை 25.0, 25.2, 25.5, 25.9 என்று இருக்கட்டும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியான அளவுதான். வரிசையாகப் பார்த்தால் குளிரூட்டி பழுதாகி வருவது தெரியும். எழுதி வைக்காதவருக்கு அது ஐந்தாம் நாள் பழுதான பிறகே தெரியும்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மூன்று வால்வுகளை ஒரே வேளையில் திருப்பிவிட்டு நிலைமை சீரானாலும், எது சரிசெய்தது என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் மாறி, மாறிலி என்று நீங்கள் எழுதுவது இதற்குத்தான்.

நான்காவது, ஒப்படைப்பு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர், அடுத்து வருபவரிடம் எதை மூடினேன், எதைத் திறந்தேன், எது சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டே போக வேண்டும்.

ஐந்தாவது, தன் உயிரைக் காத்தல். ஈரத் தரையில் மின்சாரம் இருக்கிறது. கிடங்கில் அமிலமும் குளோரின் திரவமும் இருக்கின்றன. அவை இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர் மீனைக் காக்க முடியாது.

நம் நாட்டில் வழி உண்டா?

உண்டு. மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்திலும் மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகத்திலும் நீர்வாழ் உயிரின வளர்ப்பைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். மலேசிய சபா பல்கலைக்கழகத்தின் போர்னியோ கடல் ஆய்வுக் கழகத்தில் மீன் குஞ்சு வளர்ப்பு நிலையமும் நீர்க்காட்சியகமும் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்து ஏட்டுப் படிப்பைவிடக் கைவேலையை விரும்புபவர்களும் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பம்பு, மின்சுற்று, குளிரூட்டி, குழாய் இணைப்பு ஆகியவற்றை அறிந்தவர்கள் இந்தத் துறைக்குத் தேவை. அந்தத் தொழிற்பயிற்சியோடு நீர் வேதியியலையும் சேர்த்துக் கற்றவருக்கு மதிப்பு கூடும். அதே திறமை குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும், நீச்சல் குளத்திலும், நீரைச் சுழற்சி செய்து மீன் வளர்க்கும் நவீனப் பண்ணையிலும் பயன்படும்.

மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே ‘ஏதோ சரியில்லை’ என்று சொல்லும் மாணவர் ஒருவராவது ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். தேர்வுத்தாளில் அந்தத் திறமைக்குப் புள்ளி கிடையாது. பம்பு அறையில் அது 54 திருக்கைகளின் உயிருக்குச் சமமாகலாம்.

மீன் இல்லாத மீன் தொட்டி

இதை உங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் தொடங்கிப் பார்க்கலாம். எந்த உயிருக்கும் தீங்கு வராதபடி, மீனே இல்லாமல் செய்வோம்.

ஒரு தொட்டியில் 20 லிட்டர் குழாய் நீரை நிரப்புங்கள். மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேருங்கள். இல்லாவிட்டால் பாக்டீரியா வளராது. சிறிய வடிகட்டியையும் காற்றுப் பம்பையும் பொருத்துங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியாவைத் தரும். கடைகளில் விற்கும் பரிசோதனைப் பெட்டியால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் இரண்டு நாளுக்கு ஒரு முறை அளந்து, வெப்பநிலையோடு பதிவேட்டில் எழுதுங்கள். அளந்த பின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

ஆறு வாரங்களில் ஒரே வரைபடத்தில் மூன்று கோடுகள் கிடைக்கும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அது இறங்கும் வேளையில் நைட்ரைட் தலைதூக்கும். அதுவும் இறங்கிய பின் நைட்ரேட் தொடர்ந்து ஏறும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலைக்குச் சேர்ந்த நாளை உங்கள் வரைபடத்தில் நீங்களே குறிக்கலாம்.

அதன் பிறகு ஒரு சோதனை. வடிகட்டிப் பஞ்சை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவுங்கள். மறு பாதியைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள். இரண்டையும் தனித்தனி வாளிகளில், ஒரே அளவு தொட்டி நீரில் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு காற்றும் ஒரே அளவு மீன் உணவும் கொடுங்கள். எந்த வாளியில் அம்மோனியா முதலில் மறைகிறது? ஏன்? விடையைப் புத்தகத்தில் தேடும் முன் வாளிகளில் அளந்து பாருங்கள்.